ஏரியின் தெய்வம் சாத்தானானபோது

மதமாற்றம் என்றதும் அதை விடுதலை என்றோ துரோகம் என்றோ உடனே தீர்ப்பெழுதிவிடுகிறோம். சாதியிலிருந்து வெளியேறப் பலர் அந்த வழியைத் தேர்ந்த மண்ணில் வாழ்பவள் நான். ‘துரோகம்’ என்ற சொல் எனக்கு எளிதில் வாயில் வராது. ஆனால் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை வேறு. அங்கே திருச்சபையோடு அரசும் கைகோத்து நின்றது. 1883இல் வந்த விதிகள் அவர்களின் சடங்கு நடனங்களையும் மருத்துவச் சடங்குகளையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கின. உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அவர்களின் வழிபாட்டு உரிமைக்கென்று ஒரு சட்டம் வர 1978 ஆகிவிட்டது.

இந்த வரலாற்றின் நடுவே ஒரு பெண்ணை நிறுத்திப் பார்க்கிறது, ஒஜிப்வே மரபில் வந்த லூயிஸ் எர்ட்ரிச்சின் ‘ட்ராக்ஸ்’ (1988) நாவல். கதை 1912 முதல் 1924 வரை நடக்கிறது. காசநோய் குடும்பங்களை அழிக்கிறது. வரி கட்ட முடியாதவர்களின் நிலம் மரக் கம்பெனியின் கைக்குப் போகிறது. பாலின் என்ற கலப்பினப் பெண், யார் கண்ணிலும் படாதவளாக வளர்கிறாள். அவள் பொறாமையோடும் வியப்போடும் பார்க்கும் ஃப்ளூர், ஏரியில் வாழும் மிஷெபெஷு என்னும் தெய்வத்தின் துணை பெற்றவள் என்று ஊர் நம்புகிறது. சீட்டாட்டத்தில் தங்களைத் தோற்கடித்த ஃப்ளூரை ஆண்கள் வன்முறையால் பழிதீர்க்கிறார்கள். பாலின் அப்போது அருகிலேதான் இருக்கிறாள், ஆனால் காப்பாற்றப் போகவில்லை.

பின்னர் பாலின் கன்னியர் மடத்தை நாடுகிறாள். பூர்வகுடிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது அந்தச் சபையின் விதி. அவளுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது: அவள் உடலில் பூர்வகுடி ரத்தம் ஒரு துளியும் இல்லை என்று கடவுளே சொல்கிறார்! தான் பெற்ற மகளையும் விட்டுவிட்டு மடத்துக்குள் போகிறாள்.

பாலின் பழைய தெய்வத்தை நம்புவதை நிறுத்தவே இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஏரியில் மிஷெபெஷு இருப்பதில் அவளுக்குக் கடைசிவரை ஐயமில்லை. அதன் பெயரைத்தான் ‘சாத்தான்’ என்று மாற்றிக்கொள்கிறாள். அந்தத் தெய்வத்தோடு சேர்த்து ஃப்ளூரும் சாத்தானின் ஆளாகிறாள். ஆண்களுக்கு அடங்காத ஒரு பெண்ணின் வலிமை, புதிய சொல்லகராதியில் பாவம் என்று பொருள்படுகிறது. தெய்வத்தைப் பேயாக்கும் இடத்தில் எப்போதும் ஒரு பெண்ணும் பேயாக்கப்படுகிறாள்.

வகுப்பில் இந்த நாவலைப் பேசும்போது மாணவிகள் பாலினை உடனே வெறுத்துவிடுவார்கள். வெறுக்கக் காரணமும் இருக்கிறது. ‘லவ் மெடிசின்’ (1984) நாவலில் அவள்தான் லியோபோல்டா என்னும் கன்னியாஸ்திரி. மடத்துக்கு வரும் மரீ என்ற சிறுமியின் முதுகில் கொதிநீரை ஊற்றுகிறாள். அந்தச் சிறுமி அவள் கைவிட்ட மகள் என்பதைப் பிந்தைய நாவல்தான் சொல்கிறது. இந்தக் கொடுமைக்கு அவளே பொறுப்பு. ஆனால் தன் ரத்தத்தை மறுத்தால்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதிவைத்தவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் கூண்டிலேற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

எர்ட்ரிச் இதற்கு மறுபக்கத்தையும் எழுதியிருக்கிறார். 2001இல் வந்த ‘த லாஸ்ட் ரிப்போர்ட் ஆன் த மிரகிள்ஸ் அட் லிட்டில் நோ ஹார்ஸ்’ நாவலில், ஒஜிப்வே மக்களிடம் வரும் பாதிரியார் டேமியன் உண்மையில் ஆண் உடையில் வாழும் ஆக்னஸ் என்ற பெண். பெண்ணுக்குக் குருத்துவம் தராத திருச்சபையில் அவர் பலிபூசை நிறைவேற்றுகிறார். ஒஜிப்வே மொழியைக் கற்கிறார், நானபுஷ் என்ற முதியவரோடு நட்புக் கொள்கிறார், அவர்களின் வழிபாட்டையும் தன் ஜெபத்தோடு சேர்த்துக்கொள்கிறார். மதம் மாற்ற வந்தவர் அந்த வேலையின் நியாயத்தையே சந்தேகிக்கிறார்.

பாலினும் ஆக்னஸும் மண்டியிடுவது ஒரே கடவுளின் முன்தான். ஆகவே எந்தக் கடவுள் உண்மை என்ற கேள்வி இங்கே உதவாது. அந்தக் கடவுளிடம் போக அவர்கள் யாரை வெறுக்க வேண்டியிருந்தது? ஆக்னஸுக்கு யாரையும் வெறுக்கத் தேவை வரவில்லை. வெள்ளைத் தோலும் அங்கியும் அவரைக் காத்தன. பாலின் தன் தாயை, தன் மகளை, தன் முகத்தை வெறுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் எந்த மதத்துக்குள் நுழைந்தாலும், பிறந்த மதத்திலேயே இருந்தாலும், அவளிடம் இந்த விலை கேட்கப்படுகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.