மேசைக்கு அந்தப் பக்கம்

வாழவந்தி நாட்டிலிருந்து ஒரு ஆயாவைக் கூட்டிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மூன்று பஸ் மாறி, வேறொரு மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன் போய் நின்றதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நின்றது என்று சும்மா சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் ஆயா நின்றுகொண்டேதான் இருந்தார். நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவராக உட்காரவும் அவருக்குத் தோணவில்லை.

பேரனுக்கு ஒன்பது வயசு. அப்பனும் ஆத்தாளும் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போனவர்கள். பையனை யாரோ வேலைக்குக் கூட்டிப்போக, ஒரு ஓட்டலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவனை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். மீட்டது சரிதான், எனக்கு அதில் மறுபேச்சில்லை. மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். கொண்டுவந்தார்கள். இல்லத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது.

குழு என்றால் ஒரு தலைவர், நாலு உறுப்பினர். நீதிபதிகள் இல்லை, அரசு ஊழியர்களும் இல்லை. நம்மைப் போன்ற வெளி ஆட்கள், மாதம் குறைந்தது 20 நாள் உட்காருகிறவர்கள். சம்பளம் கிடையாது, உட்காரும் நாளுக்குப் படி உண்டு. தொண்டு என்றுதான் இதற்குப் பெயர். ஆனால் அந்தத் தொண்டுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் இருக்கிறது. ஒரு குழந்தை எங்கே தூங்கும், யார் கையால் சாப்பிடும் என்பதை ஐந்து பேர் முடிவு செய்துவிடலாம்.

ஆயாவைக் கேட்டார்கள். வருமானம் எவ்வளவு? வீட்டில் எத்தனை அறை? கக்கூஸ் உண்டா? சாமையும் மரவள்ளியும் போட்டிருக்கிறது என்றார். அது வருமானம் இல்லையாம். "பையன் எங்கம்மா படுப்பான்?"

"எங்கூடத்தான்."

ஒரு உறுப்பினர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தனியாகப் படுக்க வசதி இல்லை. 'எங்கூடத்தான்' என்பது ஆயாவுக்கு முழுப் பதில். அதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? அதே சொல் பேப்பரில் ஏறும்போது குறையாகிவிடுகிறது. வறுமையைப் புறக்கணிப்பு என்று மொழிபெயர்க்கிற வேலை இப்படித்தான் நடக்கிறது. கெட்ட எண்ணம் ஏதும் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

இதோடு விட்டால் நல்ல கதைதான். அவர்கள் மோசம், நாம் நல்லவர்கள். உண்மை அப்படி இல்லை. அன்றைக்கு என் மனசுக்குள்ளும் ஒரு குரல், 'பையன் இல்லத்திலேயே இருக்கட்டுமே, படிப்பான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் வளர்ந்தவன். அந்தச் சோற்றில் புழு கிடந்தது, பாயில் மூட்டைப்பூச்சி இருந்தது, ஆனால் அதுதான் என்னைச் சேரியிலிருந்து தூக்கி வெளியே போட்டது. கிராமத்தைக் கொண்டாடாதே, அதை விட்டு வெளியே வா என்று பாபாசாகேப் நமக்குச் சொன்னார். வெளியேறுவதே விடுதலை என்பது நம் அனுபவம், நம் அரசியலும்கூட. அந்த அளவுகோலைத்தான் என்னை அறியாமல் ஆயாவின் குடிசை மேலும் வைத்திருக்கிறேன். என்னை எங்க அய்யா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுதியில் விட்டார், மாசத்துக்கு ஒருதரம் வந்து பார்த்தார். இவனை வேறு யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அனுப்பப்பட்ட பிள்ளையும் எடுக்கப்பட்ட பிள்ளையும் ஒன்றல்ல என்பது எனக்கு உறைக்கவே நேரம் பிடித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலைக்குப் போன முதல் வருஷம் எனக்குக் குடிக்கக் கையில்தான் தண்ணி ஊற்றினார்கள். காஞ்சியிலிருந்து வந்த வெள்ளாளர் வழி என்று சொல்லிக்கொள்ளும் மலையாளி மக்கள் கீழ்நாட்டுச் சேரிக்காரனை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பழங்குடி வாழ்வு பற்றிய ரம்மியமான கற்பனை என்னிடம் இல்லை. ஊர்க்கவுண்டர்கள் கூடிப் பேசும் பஞ்சாயத்தில் ஆயாவுக்கும் வாய் கிடையாது. என் அந்தப் பழைய காயம் பையன் விஷயத்தில் கணக்குத் தீர்க்கப் பார்த்ததோ என்று இப்போதும் சந்தேகம் உண்டு.

உலகத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தெடுத்தவர்கள் அதையும் நன்மை என்றுதான் சொன்னார்கள். 1997இல் விசாரணை அறிக்கை வந்து, 2008இல்தான் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் 1978இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பூர்வகுடிப் பிள்ளையைப் பிரிக்கும் வழக்கில் அந்தக் குடிக்குத் தகவல் தர வேண்டும், அதற்குத் தலையிடும் உரிமை உண்டு என்று. 2023இல் அங்கே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நம் சட்டத்தில் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும், குழந்தைகள் விஷயத்தில் நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும். தலித்தோ பழங்குடியோ இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. முன்னால் நிறுத்தப்படும் பிள்ளைகளில் எத்தனை பேர் நம்ம பிள்ளைகள் என்று அந்த வராந்தாவில் ஒருநாள் உட்கார்ந்தால் தெரியும்.

இன்னொரு கதவு இருக்கிறது: பட்டம். 2021இல் திருத்திய சட்டப்படி உளவியல், சட்டம், சமூகப்பணி, சமூகவியல், கல்வி என்று ஏதாவது ஒரு பட்டம் இல்லாதவர் உறுப்பினராக முடியாது. ஸ்காட்லாந்தில் 1971 முதல் இதே வேலையைச் சாதாரண மக்கள் மூன்று பேர் உட்கார்ந்து செய்கிறார்கள். பட்டம் கேட்பதில்லை, பயிற்சி கொடுக்கிறார்கள், கூலியில்லை. அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஏழு பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தெரியாது என்று சட்டம் ஏன் நினைக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

'அரசின் நாற்காலியில் போய் உட்காராதே, உட்கார்ந்தால் நீயும் அரசுதான்' என்கிறார்கள் தோழர்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ராசிபுரத்தை நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் அங்கே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளை விற்றார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். கொல்லிமலை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் பிடிபட்டார். வெளியான பேச்சுப் பதிவில் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. கறுப்புக்குக் குறைவு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையை வளர்க்க முடியாத தாய் குழுவிடம் வந்து ஒப்படைக்கலாம், மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குழு என்றாலே போலீஸ் மாதிரி பயந்தால் அவள் தரகரிடம்தான் போவாள். 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் கைவிடப்பட்ட விதவைகள் பிள்ளை பெற ஒரு வீடு திறந்தார்கள். அங்கே பிறந்த பார்ப்பன விதவையின் மகனைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள். வந்தவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தால் அந்த வீட்டுக்கு யார் வந்திருப்பார்கள்?

ஆயா மூன்று தடவை இறங்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. 2022 முதல் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்த மேசையில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. மூன்றாம் தடவை நான்தான் காகிதத்தை எடுத்து வைத்தேன். பையன் ஆயாவோடு மலையேறினான். இப்போது மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிறான், சனிக்கிழமை ஆனால் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "ஏந் தம்பி, நீ படிச்சவந்தானே, அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நீ போயி உக்காரக் கூடாதா?" நான் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வளைவில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது என்று பிறகு சாக்குச் சொன்னேன்.

குழுவுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. எனக்குப் பட்டம் இருக்கிறது, ஏழு வருஷம் பிள்ளைகளோடு வேலை செய்ததற்கு அத்தாட்சியும் இருக்கிறது. எழுதிப் போடுகிறேன். எங்கள் மாலைப் பள்ளியில் என்னோடு பாடம் சொல்லித்தரும் மலையாளிப் பெண்ணும் பி.எட். முடித்தவள். 'எனக்கெல்லாம் தருவாங்களாண்ணா' என்றாள். அவள் விண்ணப்பத்தையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.