பட்டமும் பணிவும்

பட்டங்கள் மனிதனை உயர்த்துகின்றனவா, அவனுடைய குறையை மறைக்கின்றனவா?

ஹிஜ்ரி 429ஆம் ஆண்டில் (கி.பி. 1038) பக்தாதை ஆண்ட புவைஹ் வமிசத்து ஜலாலுத் தவ்லா, குத்பாவில் தம்மை 'மலிக்குல் முலூக்', அதாவது மன்னர்க்கெல்லாம் மன்னர் என அழைத்திட விரும்பினார். அவருடைய ஏவலைச் சொந்தப் படையினரே மதியாத காலம் அது! 'பூமியிலுள்ள மன்னர்களுக்கு மன்னர் என்பதே பொருள்' என ஆலிம்கள் சிலர் இசைந்தனர். அரசரின் நெருங்கிய நண்பரான இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களோ ஆகாதெனத் தீர்ப்பளித்து, அரண்மனைக்குச் செல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள். இத்தகைய பெயர் அல்லாஹ்விடம் மிக இழிந்தது என்பது நபிமொழியன்றோ!

பின்னர் அரசர் அவர்களை அழைத்தார், தண்டிக்கவில்லை. நண்பர் சத்தியத்திற்காகவே தம்மை எதிர்த்தார் என உணர்ந்து மேலும் மதித்தார்.

ஆயினும் அதே இமாமவர்களும் 'அக்ளல் குளாத்' எனும் பட்டம் பெற்றவர்களே. அதனை மறுத்துரைத்த ஆலிம்களும் இருந்தனர். பிறர் பட்டத்தில் தெளிவாய்த் தெரியும் பிழை, நமக்குரிய பட்டத்தில் எளிதில் புலப்படுவதில்லை.

இன்று நம் மேடைகளிலும் அடைமொழிகள் பெருகிவிட்டன. சூட்டுகையில் நாம் தயங்குவதில்லை, ஏற்கையில் நாணுவதுமில்லை. நண்பரிடம் 'இது ஆகாது' எனக் கூறும் துணிவு அரிது. அதனை நமக்கு நாமே கூறிக்கொள்ளும் துணிவு அதனினும் அரிது. அத்துணிவையே நாம் இறைவனிடம் இறைஞ்சுவோமாக!