காரணம் அறிந்தபின் வியப்பு

காரணம் தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடும் என்று அறிவியலின் மீது குற்றம் சாட்டுவோர் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் வானவில்லைத்தான். முப்பட்டகக் கண்ணாடியால் வெள்ளொளியைப் பிரித்துக் காட்டிய நியூட்டன், வானவில்லின் கவிதையைக் கெடுத்துவிட்டார் என்பது ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் குறை. 1817 டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓவியர் பெஞ்சமின் ஹேடன் வீட்டு விருந்தில் அது வேடிக்கைப் பேச்சாக எழுந்தது. 1820இல் வெளிவந்த ‘லேமியா’வில் கவிதையாகவே வந்துவிட்டது. ஆனால் ஹோமரின் காவியத்தை மொழிபெயர்ப்பில் படித்த பரவசத்தைச் சொல்ல 1816இல் இதே கீட்ஸ் தேடிப் பிடித்த உவமை, புதுக்கோள் ஒன்றைக் கண்ட வானியலாளன். குற்றம் சாட்டப்பட்ட நியூட்டனோ நாத்திகர் அல்லர். இறையியலைப் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதிக் குவித்தவர். ஆகவே இந்தப் புகார் கடவுள் மறுப்பின் மீது எழுந்ததன்று, விளக்கத்தின் மீது எழுந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பது பிற்கால வழக்கம்.

விளக்கம் வானவில்லை என்ன செய்தது? சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் தலைநிழல் விழும் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை விலகியுள்ள துளிகளே அவர் கண்ணுக்குச் சிவப்பை அனுப்புகின்றன. துளிக்குள் நுழையும் ஒளி வளைந்து, உட்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. எனவே அருகருகே நிற்கும் இருவர் காண்பது ஒரே வில்லன்று. ஒவ்வொருவருக்கும் வேறு துளிகள், வேறு வில். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு இந்த வில் கிடையாது. தமிழ்நாட்டில் உச்சிவேளை மழைக்கு வானவில் தோன்றாதது அதனால்தான். முதல் வில்லுக்கு வெளியே, 51 பாகை அளவில், நிறங்கள் தலைகீழாக அடுக்கிய மங்கலான இரண்டாம் வில் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே வானம் சற்று இருண்டிருக்கும். இதை அறியாதவர் அண்ணாந்து பார்த்தும் அந்த இருளைக் காணாமலே போவதுண்டு. அறிவு இங்கே காட்சியைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வியப்பை மருட்கை என்கிறது. அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் தெய்வம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்குக்கும் இன்றைய அறிவியலில் பஞ்சமில்லை. ஆக்கம், அதாவது ஒன்று திரிந்து வேறொன்றாதல், ஒன்றே போதும்: குருதியில் ஓடும் இரும்பு என்றோ அழிந்த விண்மீன்களில் உருவானது. ஆனால் அதே நூற்பா மருட்கையை அறிவு நிறையாத நிலையோடு சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் அறிவு நிறைந்ததும் மருட்கை தீர வேண்டுமே?

தீரும் என்பதே அரிஸ்டாட்டிலின் விடை. தத்துவம் வியப்பில் தொடங்குகிறது என்று சொன்ன அவர், அது வியப்புக்கு எதிர்நிலையில் முடிகிறது என்றும் சொன்னார். சதுரத்தின் மூலைவிட்டத்தையும் பக்கத்தையும் மிச்சமின்றி அளக்கும் பொது அளவு எதுவும் இல்லை. முதன்முதலாகக் கேட்பவர் இதற்குத் திகைப்பார். வடிவியல் கற்றவரோ, அளக்க முடிந்திருந்தால்தான் திகைப்பார். இது பாதி உண்மை. திகைப்பு போகிறது; ‘வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது’ என்பதன் மீதான வியப்பு அதன் இடத்தில் வந்து அமர்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். கணிதவியலாளர் ராய் கெர் 1963இல் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குக் கண்டுபிடித்த தீர்வு, அண்டத்தில் சுழலும் எண்ணற்ற கருந்துளைகளைத் துல்லியமாக விவரிக்கிறது என்று உணர்ந்ததே தம் அறிவியல் வாழ்வில் தம்மை மிகவும் உலுக்கிய அனுபவம் என்றார். 1987இல் வந்த அவருடைய ‘உண்மையும் அழகும்’ என்ற நூலில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரும் ஒரே கட்டுரையில் இடம்பெறுகிறார்கள்.

எதிர்ச்சாட்சியும் உண்டு, அது கனமானது. பீகிள் கப்பலில் மில்டனைக் கைவிடாமல் படித்த டார்வின், முதுமையில் கவிதையை ஒரு வரிகூடச் சகிக்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியரைப் படித்தால் குமட்டுகிறது என்றும் தன்வரலாற்றில் எழுதினார். பிரேசில் காட்டில் ஒருகாலத்தில் எழுந்த இறையுணர்வு இனி எந்தக் காட்சியிலும் எழாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் கவிச்சுவையை இழந்ததற்கு அவர் கொள்கையைக் காரணம் காட்டவில்லை. தரவுகளிலிருந்து விதிகளை அரைத்தெடுத்தே பழகிய மனத்தைத்தான் குறை சொன்னார். மறுபடி வாழ்ந்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிப்பேன், இசை கேட்பேன் என்றார். கணக்குப்பிள்ளைக்கும் பக்தியுள்ள வணிகருக்கும்கூட நேரக்கூடிய இழப்புதான் இது.

கலையின் கணக்கு வேறு. கோயிலும் தேவாலயமும் கலைஞருக்குக் கூலி கொடுத்தன. எல்லோரும் அறிந்த கதைகளையும் கூடிநிற்க ஓர் இடத்தையும் கொடுத்தன. நாத்திகம் இவற்றுக்கு ஈடாக எதையும் பெரிதாகக் கட்டிவிடவில்லை. ஆனாலும் நம்பிக்கை இல்லாதவர் அந்த வீட்டுக்குள்ளேயே நல்ல வேலை செய்திருக்கிறார்: 1906இல் வெளிவந்த ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ என்ற துதிப்பாடல் தொகுப்புக்கு இசைப் பொறுப்பேற்ற இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இளமையில் நாத்திகர், பின்னாளில் ஐயவாதி.

மெய்யாகவே குறைவது வியப்பன்று, நன்றி சொல்ல ஓர் ஆள். மயிலம் முருகன் மீது துதி பாடிய பாரதிதாசன் 1920களின் இறுதியில் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1944இல் அவர் வெளியிட்ட ‘அழகின் சிரிப்பு’ கடலையும் தென்றலையும் ஆலமரத்தையும் இருளையும் பாடுகிறது. கடவுள் அங்கே தேவைப்படவில்லை. ஆனால் முதல் பாட்டிலேயே அழகு ஒரு பெண்ணாகிவிடுகிறாள், பாடுபவர் அவளைக் காணுமிடமெல்லாம் காண்கிறார். இது வேடம் மாறிய பக்திதான் என்று ஆத்திகர் சொல்லக்கூடும். தமிழ் இலக்கிய வரலாறு அதற்கு அவ்வளவு எளிதாக இடம் தராது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனைத் தலைவனாக்கிப் பாடியபோது, அந்தத் தலைவியின் குரலையும் கடலோடும் பறவையோடும் பேசும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டது அவர்களுக்கு முந்திய அகப்பாடல்களிலிருந்து. அங்கே தலைவன் மலைநாட்டிலோ கடற்கரையிலோ வாழ்ந்த வெறும் மனிதன்.