ஆறும்வரை காத்திராதே, பானெட்டைத் திற!

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிய அம்பாசடர். தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விழுப்புரம்வரை ஒரு முனகல் இல்லாமல் ஓடி வந்தது. டீ குடிக்கக் கால் மணி நேரம் நிறுத்தினாய். திரும்பி வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகுகிறாய். மறுபடியும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். "பழைய வண்டின்னா இப்படித்தான்" என்கிறார் ஒருவர். "வித்துத் தொலை தம்பி" என்கிறார் இன்னொருவர். "அரை மணி நேரம் விடு, தானா கிளம்பும்" என்கிறார் ஓரத்தில் இருக்கும் பெரியவர்.

அந்தப் பெரியவரிடம்தான் நீ எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சொல்வது உண்மை! அரை மணி நேரம் விட்டால் வண்டி கிளம்பிவிடும். நீயும் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்விடுவாய். அடுத்த வாரம் உளுந்தூர்பேட்டையில் மறுபடி நிற்பாய். வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனாலும், உன் முறை வந்து மெக்கானிக் கை வைப்பதற்குள் இன்ஜின் ஆறிப்போயிருக்கும். ஒரு திருகில் கிளப்பிக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் மேல் தப்பில்லை. சூட்டில் வரும் கோளாறுக்குச் சூட்டில் மட்டும்தான் சாட்சி இருக்கும். ஆறிய இன்ஜினிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் அது வாய் திறக்காது.

ஆகவே, நாலு பேர் பார்க்க நீ கூசி நிற்கிறாயே, அந்த நிமிடம்தான் உனக்கு வாய்த்த விசாரணை நேரம். அதை வெட்கத்துக்குத் தின்னக் கொடுக்காதே! இறங்கு. பானெட்டைத் தூக்கு.

உள்ளே என்ன நடந்தது என்று முதலில் புரிந்துகொள். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அதில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் மேலே, தகிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கீழே. குளிர் நாட்டில் இது வசதி. கொஞ்சம் சூடு பட்டால்தான் அங்கே பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் அதே வசதி வினையாகிறது.

வண்டி ஓடும்போது ஃபேன் காற்றடிக்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. சாவியைத் திருகி அணைத்தாய். மூன்றும் ஒரே நொடியில் நின்றன. சூடு மட்டும் நிற்கவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் மீன்குழம்பு தளதளவென்று கொதிக்குமே, அதேதான். இரும்பில் தேங்கிய வெப்பம் மேலே ஏறி, ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அதிகமாகக் கார்புரேட்டரைச் சுடுகிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பானெட்டுக்கு அடியில் 40 எல்லாம் எந்த மூலைக்கு?

இங்கிருந்து இரண்டு நேர் எதிரான விபரீதங்கள் கிளம்பலாம். கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் சொட்டி, சிலிண்டரைத் திணறடிப்பது ஒன்று. இதை ஓவர்ஃப்ளோ என்போம். பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியை மட்டும் மென்றுகொண்டு, கார்புரேட்டர் காய்ந்துபோவது மற்றொன்று. ஒர்க்‌ஷாப்பில் இதை ஏர்லாக் என்பார்கள். ஒன்றில் பெட்ரோல் அளவுக்கு மீறி இருக்கிறது. மற்றதில் சொட்டுகூட இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அங்கேயே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தால், ஒவ்வொரு மிதியும் கார்புரேட்டர் வழியாக இன்னும் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே தள்ளும். ஏற்கெனவே மூழ்கியவன் தலையில் தண்ணீர் ஊற்றும் வேலை அது!

எனவே மிதிக்காதே, பார். இன்ஜினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்று. முதலில் சோக் தகடு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார். டேஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளிவிட்டேன் என்பது பதில் ஆகாது. கேபிள் துருப்பிடித்திருந்தால் குமிழ் ஒன்று சொல்லும், தகடு வேறு சொல்லும். பிறகு த்ராட்டிலைக் கையால் ஒரே ஒருமுறை திருப்பு. உள்ளே மெல்லிய தாரை பீச்சுகிறதா? பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஓவர்ஃப்ளோ. ஃபில்டரை மாட்டு, சீட்டில் உட்கார், ஆக்சிலேட்டரை மெதுவாகத் தரைவரை அழுத்தி அப்படியே பிடி, காலை அசைக்காமல் செல்ஃப் அடி. காற்று உள்ளே பாய்ந்து மிஞ்சிய பெட்ரோலை அடித்துக்கொண்டு போகும். இன்ஜின் தும்மும், கறுப்புப் புகை கக்கும், பிடிக்கும். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகச் செல்ஃபை இழுக்காதே. அரை நிமிடம் ஓய்வு கொடு, அதற்கும் சூடு உண்டு. இப்படிக் கிளம்பினால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீடில் வால்வு கசிகிறதா, ஃப்ளோட் மட்டம் உயர்ந்திருக்கிறதா, கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த பேக்கலைட் பேக்கிங் இருக்கிறதா என்று இந்த மூன்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல். அந்தப் பேக்கிங்கைக் காகிதப் பேக்கிங்காக மாற்றிவைத்த புண்ணியவான்கள் நாட்டில் ஏராளம்.

தாரை பீச்சவில்லை, வாடையும் இல்லை என்றால் ஏர்லாக் மேல் சந்தேகம் கொள். நம் ஊர் டிரைவர்கள் செய்ததைச் செய்: ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்ப் மேலும் குழாய் மேலும் சுற்று. சில நிமிடத்தில் உள்ளே இருக்கும் ஆவி மறுபடி பெட்ரோலாகும். கிளம்பினால், குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசுகிறதா, பம்ப் டயாப்ரம் தளர்ந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று தேடு. கொதிக்கும் இன்ஜின் பிளாக் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதே. வார்ப்பு விரிசல் விடலாம். பெட்ரோல் வாடை வீசும்போது ஸ்பார்க் சோதனை வேண்டாம், பீடியோடு எட்டிப் பார்க்கும் அந்தப் பெஞ்சு ஆசாமியையும் தள்ளி நிற்கச் சொல். துணிச்சல் வேறு, தற்கொலை வேறு.

ஓவர்ஃப்ளோவும் இல்லை, ஏர்லாக்கும் இல்லையா? அப்போதுதான் ஸ்பார்க். வாடை முழுவதும் கலைந்த பிறகு, பிளக் வயரை இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி நிறுத்தி, பிளாக் அருகே காட்டு. 'பட் பட்' என்று நீலமாகப் பாய வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்தால் காயிலோ கண்டன்சரோ சூட்டில் படுத்துவிடுகிறது. ஆறியதும் இரண்டும் நல்ல பிள்ளையாகிவிடும். கண்டன்சர் சின்னக் காசு, மாற்றிப் பார்த்துவிடு. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்கட்டும். செல்ஃபே நொண்டினால் பேட்டரியையும் எர்த் வயரையும் பார். அது வேறு கதை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று! இதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள். காயில், பிளக், பம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி கிளம்பிவிட்டால் காசு போனதுதான் மிச்சம். எது குற்றவாளி என்று சாகும்வரை தெரியாது.

இப்போது எல்லோருக்கும் ஒரு புதுச் சாக்கு கிடைத்திருக்கிறது: எத்தனால். 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் அதன் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பர் டயாப்ரமையும் ஹோஸையும் அது கெடுக்கக்கூடும் என்பதும், பெட்ரோலின் ஆவியழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதும் உண்மைதான். அதற்காக, ஹோஸைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "எல்லாம் எத்தனால் சார்" என்று கையை விரிப்பவனிடம் எனக்கு மரியாதை இல்லை. ஹோஸ் ஊறியிருந்தால் மாற்று. ஊறவில்லையா, பழியை எடுத்துவிட்டு அடுத்ததைப் பார். அரசாங்கத்தைத் திட்டி எந்த வண்டியும் கிளம்பியதில்லை.

தங்கையே, உன்னிடமும்தான் பேசுகிறேன். வண்டி மக்கர் பண்ணினால் "நீ ஓரமா நில்லும்மா" என்று சொல்லும் ஊர் இது. நிற்காதே! சோக் தகடு திறந்திருக்கிறதா என்று பார்க்க மீசை தேவையில்லை. மூக்கும் கண்ணும் போதும்.

"எனக்கு மெக்கானிக்கல் அறிவு கிடையாது" என்று எவ்வளவு பணிவாகச் சொல்கிறோம்! அது பணிவே இல்லை, சோம்பல். தாரை பீச்சுகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு எந்தப் பட்டம் வேண்டும்? இன்ஜின் உன் சாதி கேட்காது, மார்க் ஷீட் கேட்காது, ஆங்கிலம் கேட்காது. சரியான கேள்வியை, சரியான நேரத்தில், வரிசையாகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லும். நாலு பேர் நடுவே அந்தக் கேள்வியைக் கேட்டு நிற்கப் பழகியவனை வேறு எந்தக் கூட்டமும் மிரட்ட முடியாது.

தெருவில் நிற்கும் நாளுக்காகக் காத்திருக்காதே. வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிச் சூடேற்று. வீட்டு வாசலில், திறந்த வெளியில் அணை. கால் மணி நேரம் கழித்து வேண்டுமென்றே சாவியைத் திருகு. கிளம்பாவிட்டால் சந்தோஷப்படு, கோளாறு உன் வாசலுக்கே வந்துவிட்டது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், பார்த்ததையெல்லாம் எழுத நோட்டும் பேனாவும் இருக்கட்டும். இறங்கி, பானெட்டைத் திற.