கோதுமை ஒவ்வாத குழந்தையும் நற்கருணையும்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் தழுவிய கத்தோலிக்க மரபில், குழந்தை முதன்முதலாக நற்கருணை எனும் திருவிருந்தைப் பெறும் ‘புதுநன்மை’ குடும்பமே கூடிக் கொண்டாடும் சடங்காகும். அன்று வழங்கப்படும் அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி கூறுகிறது. குளூட்டன் எனும் கோதுமைப் புரதம் அறவே இல்லாத அப்பம் செல்லாதென 2003-இல் உரோமையும் தெளிவுபடுத்தியது. அவ்வாறாயின், கோதுமை ஒவ்வாத குழந்தைக்குத் திருவிருந்தில் இடம் எது?

நற்கருணையில் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறினாலும், நிறம், சுவை, ஊட்டமளிக்கும் ஆற்றல் ஆகிய புறத்தன்மைகள் மாறாமல் நிற்கின்றன என்பது புனித தோமா அக்குவினாவின் போதனை. ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றலும் அப்புறத்தன்மைகளைச் சார்ந்ததே. ஆகவே, விசுவாசத்தோடு உண்டால் ஒன்றும் செய்யாது என்று குழந்தையை வற்புறுத்துவது மருத்துவத்துக்கு மட்டுமன்றி மறையியலுக்கும் முரணானது.

நோயைச் சரியாகக் கண்டறிவதும் இங்கு அறக்கடமையாகிறது. கோதுமை ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பொருள்கள் விரைந்து செயல்பட்டு, பெரும்பாலும் உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றை உண்டாக்குகின்றன. சீலியாக் நோயிலோ குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. தோல் பரிசோதனையில் தடிப்பு எழுவது மட்டுமே ஒவ்வாமைக்குச் சான்றாகாது என்பதால், உண்டபின் நேர்ந்ததைக் கேட்டறிந்து, தேவையெனில் மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உண்ணச் செய்து முடிவுகட்டுகின்றனர். சீலியாக் ஐயம் இருப்பின், தேவையான பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தலாகாது. குளூட்டன் குறைந்த அப்பம் சீலியாக் உள்ள சிலருக்கு மருத்துவர் இசைவுடன் பொருந்தலாம். கோதுமை ஒவ்வாமைக்கு அது பாதுகாப்பன்று.

அப்பம், திராட்சை இரசம் எனும் இரண்டில் ஒவ்வொன்றிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் அறிக்கையிட்டது. எனவே இரசத்தை மட்டும் பெறும் குழந்தை குறைவாக எதையும் பெறுவதில்லை. இதற்கு 2003-ஆம் ஆண்டு விளக்கமும் இடமளிக்கிறது. ஆனால் திருப்பலியில் குருவானவர் அப்பத்தைப் பிட்டு அதன் சிறு துணுக்கைத் தம் கிண்ணத்தில் இடுவதால், அக்கிண்ணத்து இரசமும் இக்குழந்தைக்கு ஆகாது. தனிக் கிண்ணம் வேண்டும், அப்பம் தொட்ட விரல் அதில் படலாகாது. கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தந்த அட்ரினலின் ஊசியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

கோதுமை பற்றிய விதி அப்படியே நிற்க, அதனால் வரும் சுமையைக் குழந்தையின் உடல் ஏற்காமல் பங்குச் சமூகம் ஏற்பதே, ஒரே பந்தியில் அனைவரையும் அமரச் செய்யும் திருவிருந்தின் பொருளுக்கு உகந்தது.