மல்லரங்கின் மெய்யும் பொய்யும்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில், நெடுங்கேணி வீதி பிரிகின்ற சந்தியில் அமைந்துள்ள ஊர் புளியங்குளம். 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது கடுஞ்சமர் நிகழ்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. அவ்வூரில், போர் ஓய்ந்த பின்னர் பிறந்த சிறுவன் ஒருவன் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து அமெரிக்க மல்யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் எனக் கொள்க. மல்லன் ஒருவன் மற்றவனைத் தலைக்குமேல் தூக்கி அரங்கில் அறைகிறான். சிறுவன் ஆரவாரிக்கிறான். திண்ணையிலிருக்கும் முதியவர், "உதெல்லாம் பொய்ச் சண்டை, தம்பி. முதலே பேசி வைச்சுத்தான் அடிபடுகினம்" என்கிறார். சிறுவன் திரும்பிப் பார்த்து, "பொய்யெண்டால் அந்தாளுக்கு நோகாதோ, அப்பு?" என்று கேட்கிறான்.

வினா எளியது போலத் தோன்றினும் அதன் ஆழம் பெரிது. தொழில்முறை மல்யுத்தம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் "இது உண்மையா, பொய்யா?" என்ற ஒரே வினாவோடு நின்றுவிடுவர். சிறுவனோ அதனைக் கடந்து, "நோகுமா, நோகாதா?" என்று கேட்கிறான். தமிழில் 'மெய்' என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். முதியவர் முதற்பொருளைக் கருதிப் பேசினார். சிறுவன் இரண்டாம் பொருளைக் கருதிக் கேட்டான். முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒரு சண்டையை ஒழுக்கவியல் நோக்கில் எடைபோடுமிடத்து, இவ்விரு பொருள்களுள் எதனை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில், நடிப்புக் கலவாத மற்போர் எவ்வாறிருந்தது என்பதை நோக்குதல் தகும். புறநானூற்றின் 80ஆம் பாடலில், ஆமூர் மல்லனோடு பொருது வென்ற சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடுகிறார். மகனின் வெற்றியைத் தந்தையாகிய தித்தன் காணவேண்டும், அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி என்பது புலவரின் ஏக்கம். வென்றவனின் பெயரும், அவன் தந்தையின் பெயரும், பாடிய புலவரின் பெயரும் இன்றுவரை நிலைத்துள்ளன. தோற்ற மல்லனின் பெயர் மட்டும் கிடைத்திலது. அவன் ஆமூரைச் சார்ந்தவன் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. மெய்ப்போரில் தோற்றவன் விரைவிலே மறக்கப்படுகிறான் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மெய்ப்போருக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது காண்போரின் விருப்பத்துக்கு இசைந்து நடப்பதில்லை. 1910 செப்டெம்பர் 10ஆம் திகதி இலண்டனில் காமா பயில்வானும் போலந்து நாட்டு மல்லரான ஸ்பிஸ்கோவும் மோதினர். காமாவின் வலிமையை எதிர்கொள்ள இயலாத ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு தரையாகக் கிடந்தே தம்மைக் காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இவ்விருவரும் 1928இல் பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள்ளேயே காமா வென்றுவிட்டார். ஒன்று சலிப்பூட்டும் அளவுக்கு நீண்டது. மற்றது கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவனுக்கு இரண்டுமே நிறைவளித்திருக்கமாட்டா. இந்த இடர்ப்பாடே மற்போரை நாடகத்தின் பக்கம் தள்ளிய காரணங்களுள் ஒன்று எனலாம். எவ்வளவு நேரம் பொருதுவது, யார் விழுவது, எப்போது எழுவது என்பன மேடையேறுமுன்னரே பேசப்படலாயின.

இந்நாடக மற்போரின் பொற்காலத்தை ஆசியாவில் நினைவூட்டும் பெயர்கள் இரண்டு. ஒருவர் 1928இல் பஞ்சாபிற் பிறந்த தாரா சிங். மற்றவர் ஹங்கேரியிற் பிறந்து, கீழைத்தேயத்தில் 'கிங் கொங்' என்ற அரங்கப் பெயரோடு புகழீட்டிய எமீல் சாயா. பேருருவும் முரட்டுத் தோற்றமும் கொண்ட அந்த ஐரோப்பியர் தீயோனாக நின்றார்; கட்டுடல் வாய்ந்த பஞ்சாப் இளைஞர் நல்லோனாக நின்றார். அடிமைத்தளை நீங்கிய நாடுகளின் மக்கள் அவ்விருவரின் மோதலில் தம் வரலாற்றையே கண்டிருத்தல் கூடும். ஈழத்து முதியோர் பலருக்கும் அப்பெயர்கள் இன்றும் பழக்கமானவை. 1968இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று உலக வீரர் எனப் போற்றப்பட்ட தாரா சிங், 1987இல் இந்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இராமாயணத் தொடரில் அனுமனாகத் தோன்றினார். மல்லரங்கிலிருந்து தெய்வக் கோலத்துக்குச் சென்ற அப்பயணம் பார்வையாளருக்கு வியப்பளிக்கவில்லை. இரண்டிடத்தும் அவர்கள் கண்டது ஒன்றையே: அறத்தின் பக்கம் நிற்கும் வலிமை.

மல்யுத்தத்தை விரும்பிப் பார்த்த ஐரோப்பியருள், அதனைச் சிந்தனைக்குரிய பொருளாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் றோலன் பார்த் (1915–1980). 1957இல் வெளிவந்த தமது கட்டுரைத் தொகுதியில் மல்யுத்தத்துக்கே முதலிடம் தந்தார். அது விளையாட்டன்று, காட்சி என்பது அவரது துணிபு. குத்துச்சண்டையில் முடிவின்மீது பந்தயம் கட்டலாம். மல்யுத்தத்திற் பந்தயம் கட்டுவது பொருளற்றது. ஏனெனில் அங்கு மக்கள் காண விழைவது முடிவையன்று. துன்பம், தோல்வி, நீதி ஆகியன ஐயத்துக்கு இடமின்றி உடம்பிலே வெளிப்படுவதையே என்பர் அவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கற்ற தமிழ் மாணவனுக்கு இக்கருத்துப் புதிதன்று. உள்ளத்து உணர்ச்சி மெய்யிடத்தே புலப்படுதலே மெய்ப்பாடு. விழுந்த மல்லன் அரங்கின் கயிற்றைப் பற்றி எழமுயலும்போது அவனது துயர் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியவேண்டும். அவ்வகையில் அவன் ஒரு கூத்தனே.

முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தைக் காண்போர், கோவலன் வெட்டுண்ணும் கட்டத்திற் கண்ணீர் விடுவர். வெட்டுண்டவர் பொழுது விடிந்ததும் வயலுக்குப் போவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அக்கண்ணீரைப் பொய்யென்று எவரும் கூறார்; கூத்தரை ஏமாற்றுக்காரர் என்றும் எவரும் பழியார். அவ்வாறாயின் மல்லனை மட்டும் பொய்யன் என்று இகழ்வது எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். கூத்தன் தான் கூத்தன் என்பதை மறைப்பதில்லை. மல்லனோ நெடுங்காலம் மறைத்தான். நல்லோனும் தீயோனும் ஊரறிய ஒன்றாக உண்ணலாகாது, ஒரே வண்டியிற் பயணஞ் செய்யலாகாது என்ற கட்டுப்பாடுகள் மல்லரிடையே நிலவின. நடிப்பை நடிப்பென்று கூறாது விற்பது வஞ்சனையன்றோ? இத்தடை வலிமையுடையதே. ஆயினும், அம்மறைப்பு எவ்வாறு நீங்கியது என்பதை அறிந்தால் வினா வேறு வடிவம் பெறும். 1989இல், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், மல்யுத்த நிறுவனமொன்றின் சார்பில் இது போட்டியன்று, களியாட்டமே என்பது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. விளையாட்டுக்களுக்கென விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளையும் கட்டணங்களையும் தவிர்ப்பதே அதன் நோக்கம். பொய் பொருளீட்டுவதற்காகச் சொல்லப்பட்டது. உண்மையும் அதற்காகவே சொல்லப்பட்டது. ஆகவே, உண்மை உரைக்கப்பட்டமை ஒன்றைமட்டும் கொண்டு பிற்கால மல்யுத்தம் முற்காலத்ததிலும் அறவழிப்பட்டது என முடிவுகட்ட இயலாது.

வள்ளுவர் வாய்மையை வரையறுக்குமிடத்து, சொல் நிகழ்ச்சியோடு பொருந்துகிறதா என்பதை அளவுகோலாகக் கொண்டாரிலர். பிறர்க்குத் தீங்கு பயவாமையையே அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோலை மல்லரங்கில் வைத்து நோக்கினால், சிறுவனின் வினாவே முதன்மை பெறுகின்றது: யாருக்கு நோகின்றது?

முற்கால மல்யுத்தத்தைப் போற்றுவோர் ஐரோப்பாவில் இன்றும் உளர். பிரித்தானியாவில் 1965 முதல் 1985 வரை சனிக்கிழமைப் பிற்பகல் விளையாட்டு நிகழ்ச்சியொன்றின் பகுதியாக மல்யுத்தம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. சுற்றுச் சுற்றாகப் பிரித்து, பிடியும் மாற்றுப்பிடியுமாக ஆடிய அக்காலத்தில் திறன் இருந்தது. இன்று ஒளியும் ஓசையும் மட்டுமே உள்ளன என்பது அவர்களது கருத்து. அதில் உண்மை உண்டு. எனினும் பழமை முழுவதும் தீங்கற்றதன்று. 1987 ஓகஸ்டில் கிரேற் யாமத் நகரில், 'பிக் டடி' என்ற பெருத்த மல்லர் வழமைபோல எதிராளியின்மேல் விழுந்து ஆட்டத்தை முடித்தார். கீழே கிடந்த கேர்க் மீண்டும் எழவில்லை, அன்றே இறந்தார். அவருக்கு ஏற்கெனவே இதயநோய் இருந்தமை பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. நடிப்பைத் தாங்கியது நோயுற்ற ஒரு மெய்.

நடிப்பு வெளிப்பட்டபின் நோவு குறைந்திருக்கவேண்டும் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். நிகழ்ந்ததோ மறுதலை. முடிவு மெய்யென்று நம்பியவனுக்கு ஒரு கைப்பிடியே போதுமாயிருந்தது. முடிவு பொய்யென்று அறிந்தவனுக்கோ வேறொரு சான்று வேண்டியிருந்தது. அச்சான்றை மல்லனின் உடம்பு தரவேண்டியதாயிற்று. 1998 யூன் மாதத்திற் பிற்ஸ்பேர்க் நகரில் மிக் போலி என்ற மல்லர் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே மேசையொன்றின்மீது எறியப்பட்டார். அது திட்டமிட்ட காட்சியே. அவர் உடலிற்பட்ட காயங்களோ காட்சியல்ல. அடுத்த ஆண்டு மே 23ஆம் திகதி கன்சாஸ் சிற்றியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவேண்டியிருந்த ஓவன் ஹார்ட் கீழே வீழ்ந்து மாண்டார். இது நிகழ்ச்சியின் பகுதியன்று என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் வற்புறுத்திக் கூறவேண்டியிருந்தது. அவர் வீழ்ந்த அதே அரங்கில் எஞ்சிய ஆட்டங்கள் தொடர்ந்து நடந்தன.

அவ்வர்ணனையாளரின் நிலை ஆழ்ந்து நோக்கற்பாலது. நாள்தோறும் நோவு நடிக்கப்படுமிடத்தில், மெய்யான நோவு தன்னை மெய்யென்று நிறுவவேண்டிய அவலத்துக்கு ஆளாகின்றது. இஃது அமெரிக்க அரங்கொன்றுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2009இல் வன்னி மண்ணில் நிகழ்ந்த பேரழிவை நெடுந்தொலைவிலிருந்து திரையிற் கண்டவர்கள் எத்தனையோ பேர். கண்டபின் அலைவரிசையை மாற்றியவர்களும் அவர்களுள் அடங்குவர். திரையில் தெரிவது எதுவாயினும் காட்சியே எனக் கொள்ளும் பழக்கம் மனத்தில் வேரூன்றிவிட்டால், அயலவன் அலறலும் காட்சியாகிவிடும். மல்யுத்தத்தின்மீது சாட்டத்தக்க மெய்யான குற்றம் இதுவே. முடிவை முன்னரே பேசிவைத்தமை அன்று.

அவ்வாறாயின் போரைக் கண்ட ஊரிற் பொய்ப்போரைப் பார்த்து மகிழ்தல் தகாதா? தகாது என்பாரும் உளர். குருதி சிந்திய நிலத்தில் சண்டையை விளையாட்டாக்குவது மாண்டோரை இகழ்வதாகும் என்பது அவர்கள் வாதம். அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. ஆயினும் மல்லரங்கின் உள்ளியல்பை அறிந்தால் அவ்வாதம் தளரும். அரங்கு என்பது இரும்புச் சட்டங்களின்மேற் பலகை பரப்பி, மெல்லிய மெத்தையும் கித்தானும் விரித்த மேடை. அதில் விழுவதற்கே மல்லர் நெடுநாள் பயில்கின்றனர். நாடியை நெஞ்சோடு ஒடுக்கி, முதுகின் அகன்ற பரப்பிலே விழுந்து, கைகளை விரித்தறைந்து அதிர்ச்சியைப் பரப்புவர். தூக்குபவனின் கடமை அதனினும் பெரிது. தூக்கப்பட்டவனின் கழுத்தும் தலையும் அவன் கையில் உள்ளன. தன் உடம்பைப் பகைவன் போலத் தோன்றும் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டே மற்றவன் மேலே எழுகின்றான்.

போரிலோ ஒருவன் மற்றவனின் தலையை இவ்வாறு தாங்குவதில்லை. போர் பகைமையை மெய்யாகக் கொண்டு உடம்பை அழிக்கின்றது. நாடக மற்போர் பகைமையைப் பொய்யாக்கி உடம்பைக் காக்க முயல்கின்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பினும் உள்ளியல்பில் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆமூர் மல்லனைப் போலத் தோற்றவன் மறக்கப்படுவதும் இங்கில்லை; தோற்பவனின் திறமையாலேயே வென்றவன் வீரனாகின்றான். இப்பொய்யில் ஓர் அறம் இருக்கின்றது. அவ்வறம் பிறழும் இடங்களும் தெளிவானவை: மேலும் மேலும் உயரத்திலிருந்து விழும்படி மல்லனைத் தூண்டும்போதும், ஊழியன் என்று ஏற்காது தனி ஒப்பந்தக்காரன் என வகைப்படுத்தி அவனது முதுமையையும் நோயையும் அவன் தலையிலேயே சுமத்தும்போதும் அது பிறழ்கின்றது. இவற்றுக்குக் கைதட்டுபவனும் பொறுப்பினின்று நீங்கான். அவன் தரும் ஆரவாரமே அடுத்த வீழ்ச்சியின் உயரத்தைத் தீர்மானிக்கின்றது.

புளியங்குளத்துத் திண்ணைக்கு மீள்வோமாயின், முதியவர் கூறியது பிழையன்று; ஆயினும் நிறைவுடையதன்று. சிறுவனின் வினாவுக்கு அவர் தரத்தக்க விடை இன்னும் சற்று நீளமானது. "நோகும், தம்பி. பகைதான் பொய், உடம்பு பொய்யில்லை. கனக்க நோகக்கூடாதெண்டுதான் மற்றவன் பிடிச்சுக்கொண்டு போடுறான். அவன் பிடிக்கிறானோ எண்டு பார்த்துக் கைதட்டு."

அவ்விடையைப் பெற்ற சிறுவன் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். அவன் கண் இனி வென்றவனின் உயர்த்திய கையோடு நின்றுவிடாது. விழுந்தவன் எழுகின்றானா என்பதையும் நோக்கும்.