ஆயுதம் வைத்தபின் செய்யும் கொலை

இல்லறத்தார் விலக்க வேண்டிய இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். அவற்றுள், தாக்க வருவோனை எதிர்த்துத் தன்னையும் நாட்டையும் காக்குங்கால் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தான் முற்றும் துறத்தல் அரிது. சங்கல்ப இம்சையையோ எந்நிலையிலும் விலக்கியே ஆகவேண்டும். போர்வீரனுக்கு முன்னதைக் கூறி அமைதி சொல்வர். எதிரி ஆயுதத்தைக் கீழே வைத்த பின்னர் விரோதி எங்கே இருக்கிறான்? அதன்பின் நிகழும் ஒவ்வொரு கொலையும் சங்கல்பமே.

பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரை ஐக்கிய நாடுகள் சபை 1993-இல் பாதுகாப்புப் பகுதி என அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று பொஸ்னிய செர்பியப் படை அதனைக் கைப்பற்றியது. அடுத்த சில நாள்களில் 8,000-த்துக்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் சரணடைந்தோர்.

ஜூலை 16 அன்று பிராண்யேவோ பண்ணைக்குப் பேருந்து பேருந்தாகக் கைதிகளைக் கொணர்ந்தனர். சுடுமாறு பணிக்கப்பட்டோருள் ஒருவன் திராசென் எர்தெமோவிச். வயது 23, பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகளே ஆன பிள்ளை என்றுதான் என் போன்ற ஆசிரியைக்குத் தோன்றும். மறுத்ததாகவும், இரக்கமிருந்தால் அவர்களோடு நீயும் நில் என்று மிரட்டப்பட்டதாகவும், அதன்பின் சுட்டதாகவும் அவனே ஹேக் நீதிமன்றத்தில் கூறினான். அன்றே பிலிட்சா ஊர் மண்டபத்தில் அடைபட்டிருந்த ஏறத்தாழ 500 பேரைக் கொல்ல அழைத்தபோது மீண்டும் மறுத்தான். இம்முறை தோழர் சிலரும் உடன் மறுத்தனர். அதற்காக அவர்களை எவரும் அங்கே சுட்டுவிடவில்லை. வேறு ஆட்கள் சென்று அக்கொலையை முடித்தனர்.

உயிரச்சம் குற்றத்தை முழுதும் நீக்காது என 1997-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவருள் மூவர் தீர்ப்பளித்தனர். 1998-இல் ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் நூல்நெறியும் இதற்கு அயலன்று. அச்சம் நோகஷாயங்களுள் ஒன்று. ஆதலால் வினை கட்டும். தீவிர பாவமா, மந்த பாவமா என்பதற்கேற்பக் கட்டின் வன்மை வேறுபடும். செய்வித்த படைத்தலைவர் மிளாடிச்சுக்கு 2017-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

செய்தவனும் செய்வித்தவனும் தெளிவு. என் மனம் தடுமாறுவது மூன்றாமவரிடம். காவலுக்கு வந்த டச்சுப் படையினர் தம் முகாமில் புகலடைந்திருந்த ஏறத்தாழ 350 ஆண்களை வெளியேற விட்டனர். அவர்கள் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவில்லை, மகிழவும் இல்லை. ஆயினும் 2019-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் அந்நாட்டு அரசை இழப்பில் 10 விழுக்காட்டுக்குப் பொறுப்பாக்கியது. மகிழ்ச்சியற்ற இவ்விலகி நிற்றலை அனுமோதனையுள் அடக்கலாமா? ஆகமம் கற்ற பெரியோர் இவ்விதழில் விளக்கி எழுத வேண்டுகிறேன்.